நிறுத்திட்டுச் செய்யச் சொல்லு

அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் தேவை என்று தெரிந்த நாளிலிருந்து அது முடிந்த நாள்வரை நான் அழுத நேரம் கொஞ்சம்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம் அதிகம். நோயாளியின் வீட்டார் மருத்துவமனையில் எப்படியெல்லாம் படுத்துவார்கள் என்று பதின்மூன்று வருடமாகப் பார்த்தவள் நான். நோயாளியே அப்படிப் படுத்துவதை என் அப்பாவிடம்தான் பார்த்தேன்.

சேலத்தில் ஓர் இதய மருத்துவமனையில் நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். இந்த வேலையின் பெயரைச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் யாருக்கும் புரியாது. இதயத்தை நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்கிறார்கள் என்றால், அந்த நேரம் முழுக்க உடம்புக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்க வேண்டும், அதில் ஆக்சிஜன் சேர வேண்டும். அந்த இரண்டையும் செய்ய ஒரு மெஷின் இருக்கிறது. அதற்கு முன்னால் உட்கார்ந்து அதை இயக்குவது என் வேலை. கள்ளக்குறிச்சியில் என் பெரியம்மாவிடம் இதை நான்கு முறை விளக்கியிருக்கிறேன். நான்காவது முறையும் கேட்டு முடித்துவிட்டு, "அதான்டி, டயாலிசிஸ்" என்றார்.

அப்பாவுக்கு மட்டும் முதல் முறையே புரிந்துவிட்டது. அவர் மெக்கானிக். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. அரிசி மில், கரும்பு ஆட்டும் மெஷின், மாவு மில், தண்ணீர் மோட்டார் என்று சுற்றுவட்டாரத்தில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "கரண்டு பூட்டா?" பேட்டரி இருக்கிறது, அதுவும் போனால் கையால் சுற்றக் கைப்பிடி இருக்கிறது என்றேன். "அப்ப சரி" என்றார். அதன்பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் பொண்ணு சேலத்துல மெஷின் ஓட்டுது. மனுசன நிறுத்தி வெச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி எல்லாம் புரிந்த மனிதர், தன் நெஞ்சு வலியை நான்கு மாதம் வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு சோடா குடித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் சம்மட்டியைத் தூக்கினால் வலிக்கும், உட்கார்ந்தால் போய்விடும். அம்மா போனில் சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "நடந்தா வருது, நின்னா போவுதா?" என்று கேட்டேன். அம்மா போனை அவரிடம் கொடுத்தார். "ஆமாமா, நின்னா போய்டுது. அதனாலதான் வாயுன்னு சொல்றேன்" என்றார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் வருகிற வலிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அடுத்த நாளே சேலத்துக்கு இழுத்து வந்தேன். ஆஞ்சியோகிராமில் மூன்று குழாயிலும் அடைப்பு. பைபாஸ்தான் வழி. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஸ்கேன் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் சுவர் முழுக்க சுண்ணாம்பு படிந்து, முட்டை ஓடு போலாகியிருந்தது.

அதன் அர்த்தம் எனக்கு உடனே தெரிந்தது. இதயத்தை நிறுத்த வேண்டுமானால் அந்தக் குழாயில்தான் கிடுக்கி போட வேண்டும். என் மெஷினிலிருந்து ரத்தம் திரும்பப் போகிற குழாயையும் பெரும்பாலும் அதில்தான் செருகுவோம். முட்டை ஓட்டில் கிடுக்கி போட்டால் சில்லு பெயரும். பெயர்ந்த சில்லு ரத்தத்தோடு நேராக மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே அந்தக் குழாயைத் தொடாமல், இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே தைப்பதுதான் அப்பாவுக்கு நல்லது. எங்கள் தலைமை சர்ஜனுக்கு அதில் நல்ல கை.

சர்ஜன் அப்பாவையும் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து, ஒரு தாளில் படம் போட்டு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார்.

"டாக்டரே, ஒரு சந்தேகம்" என்றார் கடைசியில். "அது ஓடிக்கினு இருக்கும்போதேவா?"

"ஆமாங்க. துடிச்சிக்கிட்டேதான் இருக்கும்."

"நிறுத்தவே மாட்டீங்க?"

"மாட்டோம்."

"அப்ப வாணாம்."

சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் இடது கையை மேஜைமேல் வைத்தார். மோதிர விரலில் அடிக்கணு மட்டும்தான் இருக்கும்.

"இருவத்தி மூணு வயசுல போச்சு. கரும்பு மெஷினு ஓடிக்கினு இருந்துச்சு, பெல்ட்டு கழண்டு வர்ற மாதிரி இருந்துச்சு. நிறுத்தினா கொப்பரையில வெல்லப் பாவு அடிபிடிக்கும்னு ஓட்டத்துலயே தள்ளினேன். அன்னையிலேர்ந்து ஓடற மெஷினுல நான் கை வெச்சது கெடயாது. என்கிட்ட வேல கத்துக்கினவன் எவனும் வெச்சது கெடயாது. நீங்க ஊசி நூலோட வர்றேன்றீங்க."

"அப்பா, இது மெஷின் இல்ல" என்றேன்.

"நீதானம்மா இத்தினி வருசமா பம்ப்பு பம்ப்புனு சொன்ன." பிறகு சர்ஜன் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு இங்க எதுக்கு இருக்குது? நிறுத்திட்டுச் செய்யுங்க. அது பாத்துக்கும்."

மகாதமனியைப் பற்றித் திரும்பச் சொன்னேன். உள்ளே துருப்பிடித்த பைப்பைத் தட்டினால் துரு உதிர்ந்து தண்ணீரோடு போவது போல, என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப அந்த பைப்பயும் மாத்திடுங்க" என்றார். எனக்கு அந்த அறையை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சாதாரணமாக நோயாளிகள் இதற்கு நேர்மாறாகத்தான் கெஞ்சுவார்கள். இதயத்தை நிறுத்துவோம் என்றால் நாலு நாள் தள்ளிப்போட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். இவர் ஒருவர்தான் நிறுத்து, நிறுத்து என்று நின்றார்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று சர்ஜன் அவகாசம் கொடுத்தார். அடுத்து வருகிற திங்கட்கிழமை அட்மிஷனுக்கு எதற்கும் ஓர் இடம் பிடித்து வைத்தேன். மாத்திரைகளைக் கொடுத்து, வலி வந்தால் நாக்குக்கு அடியில் எதை வைப்பது என்று காட்டி, பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் அவர்களைக் கூட்டி வருவதற்காகக் கள்ளக்குறிச்சி வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா தனியாக உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா எங்க?"

"வெள்ளிமல பக்கம் போய்ட்டாரு. மேல ஒரு ஊர்ல மாவு மில்லு நின்னு போச்சாம். மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாரு."

"கல்வராயன் மலைக்கா? நெஞ்சு வலியோடயா? நீ உட்டியா?"

"நான் இன்னாடி பண்றது? பட்டறைக்குதான போவக்கூடாதுன்னு பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணேன், மலைக்கு போவக்கூடாதுன்னு பண்லியேன்றாரு."

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பையைக்கூடக் கீழே வைக்காமல் மறுபடி பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற பஸ்ஸில் மரவள்ளிக் குச்சிக் கட்டுகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் எங்கேயோ சரிந்து கிடப்பது போல ஒரு படம் எனக்குள் ஓடியது. அடுத்த வளைவில், உயிரோடு இருந்தால் அவரை என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது என்று யோசித்தேன். இரண்டும் மாறி மாறி வந்தன. வெள்ளிமலையில் இறங்கி, ஒரு ஜீப்பில் ஏறி, அது விட்ட இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தேன்.

மில் என்றால் ஒரு தகரக் கொட்டகை. வெளியே சாமை மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மில்லை நடத்துகிற அம்மா வாசலிலேயே நின்றிருந்தார், ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் அந்த டாக்டரு பொண்ணா?" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

உள்ளே அப்பா ஒரு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில்லை. நெற்றியில் வியர்வை. வலது உள்ளங்கை நெஞ்சின்மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"வலிக்குதா?"

"மாத்திர வெச்சிக்கினேன். போய்டுச்சு."

"எப்ப வெச்சீங்க?"

"இப்பதான்."

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. அந்த அம்மா இருக்கிறார், வெளியே நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. உங்களுக்கு அறிவிருக்கா என்று என் அப்பாவை நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "பத்து நாளா நிக்குதும்மா. பக்கத்தூருக்கு மூட்டய தலையில தூக்கிக்கினு போறாங்க. ஆப்ரேஷன்ல நான் பூட்டா இத்த யாரு பாப்பா?" என்றார்.

"எனக்கு இந்த விசயம் தெரியாதுங்க" என்றார் மில்லுக்கார அம்மா. அவர் கண் கலங்கிவிட்டது. "நெஞ்சு வலின்னு ஒரு வார்த்த சொல்லலைங்க. சொல்லியிருந்தா ஏத்திருக்கவே மாட்டேன்." எனக்கு ஒரு டம்ளர் டீயும், அப்பாவுக்கு வெந்நீரும் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலை முடிந்துவிட்டது, ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி என்றார் அப்பா. ஓட்டாமல் எழுந்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா சுவிட்சைப் போட்டார். மோட்டார் சுற்றியது, பெல்ட் ஓடியது, கொட்டகை அதிர்ந்தது. அப்பா மெதுவாக எழுந்து, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் முனையை ஓடுகிற மெஷினில் ஓர் இடத்தில் அழுத்தி வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். இன்னொரு கை மெஷின்மேலேயே ஊன்றியிருந்தது.

"இது இன்னா?" என்று கத்தினேன். அவ்வளவு சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். "ஓடற மெஷின்ல கை வெக்க மாட்டேன்னீங்க?"

"பேரிங்கு சத்தம் கேக்கறேன்."

"கை எங்க இருக்கு?"

"அட, இது கூடும்மா. பேரிங்கு கூடு. தண்டு உள்ள சுத்துது, கூடு சும்மாதான் நிக்குது. அசையாத எடத்துலதான் வெச்சிருக்கேன்." 

அந்த அம்மாவிடம் மெஷினை நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"அப்பா, அவ்ளோதான் ஆபரேஷன். டாக்டர் கையில ஒரு கருவி இருக்கு. முள்கரண்டி மாதிரி ரெண்டு கால். காலுக்கு அடியில சின்னச் சின்னக் கிண்ணமா இருக்கும், வேக்குவம் வெச்சு இதயத்துமேல ஒட்டிக்கும். அந்த ரெண்டு காலுக்கும் நடுவுல கட்டைவிரல் அளவு எடம். அந்த எடம் மட்டும் நிக்கும். சுத்தி எல்லாம் துடிச்சிக்கினு இருக்கும். நின்ன எடத்துலதான் தைப்பாரு. ஓடறத யாரும் தைக்கறதில்ல."

இந்த விளக்கத்தை நான் சேலத்திலேயே சொல்லியிருந்தேன். சர்ஜனும் சொல்லியிருந்தார். அப்போதெல்லாம் காதில் ஏறவில்லை.

அப்பா ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "வேக்குவம் நடுவுல உட்டுப் போச்சுன்னா?" என்றார்.

"உட்டா உடனே தெரியும். டாக்டர் கைய எடுத்துடுவாரு."

"தைக்கறப்ப ரத்தம் வருமே, கண்ணு தெரியுமா?"

"ஒரு ஆளு மெல்லிசா காத்தும் தண்ணியும் ஊதிக்கினே இருப்பாங்க. குழாய்க்குள்ள நூல் கனத்துல ஒரு டியூபு வெப்பாங்க. தைக்கற நேரத்துலயும் ரத்தம் அது வழியா போய்க்கினு இருக்கும்."

"அந்தக் கரண்டிய நான் கண்ணால பாக்கணும்" என்றார். சம்மதம் என்று சொல்லவில்லை.

இறங்கும்போது நடக்க விடவில்லை. மில்லுக்கார அம்மா யாரிடமோ சொல்லி ஒரு டிராக்டரை வரவழைத்தார். வெள்ளிமலைவரை டிரெய்லரில் சாக்கு விரித்து அவரைப் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் அந்த டிராக்டரின் கிளட்ச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை சர்ஜன் அறையில், பழைய கருவி ஒன்றை அப்பா கையில் கொடுத்தார்கள். பயிற்சிக்காக வைத்திருந்தது. அதன் கை, கோத்த மணிகள் போல வளைந்து தொங்கும். அடியில் உள்ள திருகை முறுக்கினால் இரும்புக் கம்பி போல விறைத்து நின்றுவிடும். அப்பா வளைத்தார், முறுக்கினார், தளர்த்தினார், மறுபடி முறுக்கினார். சர்ஜனின் அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உள்ள கம்பி வடம் போவுது" என்றார் அப்பா. "முறுக்கினா வடம் இழுக்குது, மணியெல்லாம் ஒன்ன ஒன்னு கவ்விக்குது. நல்லா யோசிச்சு செஞ்சிருக்கான்."

சர்ஜன் சிரித்தார். "பதினஞ்சு வருசமா கையில வெச்சிருக்கேன். உள்ள வடம் இருக்குன்னு யோசிச்சதே இல்லைங்க."

"திருகு கொஞ்சம் லூசு, டாக்டரே. எனக்கு இத்த மாட்டாதீங்க."

"இது பழசுங்க. உங்களுக்குப் புதுசுதான்."

"இந்த மாதிரி செஞ்சு, நடுவுல முடியாம போனது உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சர்ஜன், "உண்டுங்க" என்றார். "அப்ப மெஷினுக்கு மாறிடுவோம். உங்களுக்கு நெஞ்சுல குழாய் செருக முடியாது, தொடையில செருகுவோம். மெஷின் பக்கத்துலயே தயாரா நிக்கும்."

அந்தப் பதில் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, ஒப்புதல் படிவத்தின் கீழே இடம் இருந்த மூலையில், 'முடியாவிட்டால் நிறுத்திவிட்டுச் செய்யவும்' என்று தன் கையெழுத்தில் எழுதினார். என் மருத்துவமனை, என் சர்ஜன், எனக்குத் தெரிந்த நர்ஸ்கள். எனக்குக் காது மடல் சூடானது.

வெளியே வந்ததும், "மெஷினுகிட்ட நீதான இருப்ப?" என்று கேட்டார்.

இருக்க மாட்டேன். சொந்தக்காரர் மேஜையில் இருக்கும்போது ஆபரேஷன் தியேட்டருக்குள் எங்களை விடுவதில்லை. சர்ஜனிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்திருந்தேன், இரண்டு முறையும் மறுத்துவிட்டார். அவர் சொல்வது சரி என்று எனக்கே தெரியும், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக இருந்தது. என் இடத்தில் என் ஜூனியர் இருப்பாள். நல்ல கெட்டிக்காரப் பெண், நான்தான் பழக்கியது. ஆனால் அப்பாவிடம், "இருப்பேன்பா" என்றேன். ஆபரேஷன் அன்று காலையில் அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது நானும் தியேட்டர் உடையில் கதவுவரை போனேன். கதவு மூடியது. நான் இந்தப் பக்கம் நின்றேன்.

ஒன்றும் தெரியாதவர்களுக்குக் காத்திருப்பது ஒரே நீளமான பயம். எனக்கு அது நிமிடம் நிமிடமாகத் தெரிந்தது. இப்போது நெஞ்செலும்பைத் திறந்திருப்பார்கள். இப்போது அடைப்பைத் தாண்டித் தைப்பதற்கு மார்புச் சுவரிலிருந்து ஒரு ரத்தக்குழாயைப் பிரித்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், இன்னொருவர் முன்னங்கையிலிருந்து எடுப்பார். இப்போது முன்பக்கத்துக் குழாயைத் தைக்கிறார்கள். அது எளிது. அடுத்து இதயத்தின் பின்பக்கம். அதற்கு இதயத்தின் நுனியை ஒரு உறிஞ்சுகிற கிண்ணத்தால் பிடித்து மேலே தூக்கி நிறுத்த வேண்டும். துடிக்கிற இதயத்தைத் தூக்கினால் அதற்குள் ரத்தம் சரியாக நிரம்பாது. ரத்த அழுத்தம் இறங்கும். அந்த ஒரு கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பக்கத்தில் அம்மா என்னைத் தயிர்சாதம் சாப்பிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். சின்னசேலத்திலிருந்து மாமா போன் செய்து, வெள்ளைப்பூண்டைத் தேனில் ஊறவைத்துக் கொடுத்தால் அடைப்பு கரைந்துவிடுமாம், ஆபரேஷன் தேவையா என்று கேட்டார். "அவர் இப்ப மேஜைமேல இருக்கார் மாமா" என்றேன். "அதனால இன்னா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரு" என்றார்.

போனை வைத்தபோது தியேட்டர் கதவு திறந்தது. உதவியாளர் ஒருவர் ஸ்டோர் பக்கம் ஓடினார். திரும்பி வரும்போது அவர் கையில் இருந்த பெட்டியை எனக்குத் தெரியும். தொடையில் செருகுகிற குழாய்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

பின்பக்கம் தூக்கியிருக்கிறார்கள். அழுத்தம் இறங்கிவிட்டது. மெஷினுக்குத் தயாராகச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவும் அந்தப் பெட்டியிலிருந்து எனக்குத் தெரிந்தது. என் கைகள் தாமாகவே அசைந்தன. இப்போது எந்தக் கிடுக்கியைத் திறக்க வேண்டும், எந்தத் திருகைத் திருப்ப வேண்டும் என்று மடியில் வைத்தபடி செய்துகொண்டிருந்தன. பதின்மூன்று வருடத்தில் எத்தனையோ பேருக்குச் செய்ததை, என் அப்பாவுக்கு ஒரு கதவுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு காற்றில் செய்துகொண்டிருந்தேன்.

"இன்னாடி ஆச்சு? அந்த ஆளு எதுக்கு ஓடறாரு?" என்றார் அம்மா.

"ஒன்னுமில்லம்மா. நூல் தீந்துபோச்சாம்."

அம்மா நம்பினார். டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாதத்தை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அது வாய்க்குள்ளேயே இருந்தது.

நாற்பது நிமிடம் கழித்து என் ஜூனியர் வெளியே வந்தாள். முகக்கவசத்தை இறக்கியபடியே, "போடலக்கா" என்றாள். "பம்ப் போடல. தூக்கினதும் பிரஷர் படுத்துருச்சு. சார் உடனே எறக்கி வெச்சுட்டாரு. டேபிள தலைப்பக்கம் சாய்ச்சு, மருந்து குடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்டோம். மறுபடி மெதுவா, கொஞ்சமா தூக்கினாரு. நின்னுச்சு. மூணும் முடிஞ்சுது."

நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன்தான். என் மெஷின் ஓடாமல் நின்றதற்கு நான் நன்றி சொன்னது அன்றைக்குத்தான். வெளியே வந்தபோது அம்மா டப்பாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் சுவாசக் குழாயை எடுத்தபிறகு, ஐசியுவில் அப்பா கண் திறந்தார். தொண்டை கரகரத்தது. நான் குனிந்தேன்.

"நிறுத்தினீங்களா?"

"இல்லப்பா. நிறுத்தவே இல்ல. ஓடிக்கினேதான் இருந்துச்சு."

"கெட்டிக்காரங்கதான்" என்றார். பிறகு, "நீ பக்கத்துல இருந்ததாலதான் எனக்கு தைரியம்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊருக்குப் போனபிறகு சொன்னேன். பார்க்க வந்த கூட்டத்திடம் அவர், "ஓடிக்கினே இருக்கும்போது தெச்சாங்க, என் பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துக்குச்சு" என்று நூறாவது தடவையாகச் சொன்னபோது பொறுக்காமல், "நான் உள்ளயே இல்லப்பா, வெளிய உக்காந்திருந்தேன்" என்றேன். வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்பா சற்றும் அசரவில்லை. "அடக்கமா பேசுது" என்றார் அவர்களிடம்.

பாரம் தூக்கக்கூடாது என்று சொன்ன மூன்று மாதத்துக்குள் அவர் பட்டறைக்குப் போனது, அம்மாவிடம் பிடிபட்டது, ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லித்தான் கொடுக்கிறேன் என்று வாதாடியது எல்லாம் தனிக்கதை. பரிசோதனைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் சர்ஜனிடம் நெஞ்சைப் பற்றி ஒரு கேள்வியும் கருவியைப் பற்றி ஐந்து கேள்வியும் கேட்பார். ஆறாவது மாதம் வந்தபோது, என் மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார்.

தியேட்டருக்குள் விட முடியாது. சர்வீசுக்காக அதை வெளி அறையில் நிறுத்தியிருந்த ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டினேன். வரிசையாக இருந்த உருளைப் பம்புகளின் மூடியைத் திறந்து, உருளை டியூபை நசுக்கி நசுக்கி ரத்தத்தைத் தள்ளுவதைச் சுற்றிக் காட்டினேன். கையால் சுற்றும் கைப்பிடியைக் காட்டினேன். அவர் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

"இத்தினி நேரம் உக்காந்தே இருப்பியா?"

"சில நாள் ஆறு மணி நேரம்."

"எழுந்துக்கக்கூடாதா?"

"கூடாது."

குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். ஒரு சக்கரத்தைக் காட்டி, "இது ஆடுது" என்றார். எனக்கும் தெரியும். இரண்டு மாதமாகப் புகார் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், யாரும் அதைக் கவனிக்கவில்லை. அப்பா சர்வீஸ் செய்ய வந்தவரிடம், "தம்பி, ஒரு ஸ்பேனர் குடு" என்று கை நீட்டினார். நோயாளிகள் தொடக்கூடாது என்றார் அவர். அப்படியானால் நீயே முறுக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அப்பா.

கீழே அம்மா போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார், கள்ளக்குறிச்சி பஸ் கிளம்பப் போகிறது என்று. "வாங்கப்பா, போலாம்" என்றேன். "இரு" என்றார். அந்தப் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸையும் விட்டுவிடுவாரோ என்று நான் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.